விஷம் ஏறிய கருவி: ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றும்போது தெரியவரும் ஒரு வரலாறு

சென்ற டிசம்பரில் நண்பர் ஒருவரின் பழைய பெட்ரோல் காரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. தில்லியில் விடுதிக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் இடையே நாங்கள் மூவர் பகிர்ந்துகொள்ளும் வண்டி அது. முதலில் போன பணிமனையில், புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் பழுதாகிவிட்டது என்றார்கள். அதைக் கழற்றிவிட்டு, துளையை ஒரு போல்ட்டால் அடைத்து, எச்சரிக்கை வராதபடி கணினியில் மாற்றிவிடலாம் என்பது அவர்கள் முன்வைத்த தீர்வு. புதிய சென்சாரின் விலையில் பாதிகூட ஆகாது. நண்பர் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டார். வண்டியை ஒரு நாள் விடவேண்டும் என்றதனால்தான் நாங்கள் வேறிடம் போனோம்.

இரண்டாவது இடத்தில் இருந்தவர் அறுபதைக் கடந்த ஒரு மெக்கானிக். அங்கே எல்லோரும் அவரை உஸ்தாத் என்றே அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். புகைக்குழாய் முற்றிலும் குளிர்ந்துவிட்டால் மரை இறுகிப்போகும். கொதிக்கும்போது தொட்டால் கை வெந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் உண்டு. துருவை இளக்கும் எண்ணெயை மரையின் மேல் விட்டார். மின் கனெக்டரை முதலில் பிரித்தார். கம்பி முறுக்கிக்கொள்ளாமலிருக்கப் பக்கவாட்டில் பிளவுபட்ட 22 மி.மீ. சாக்கெட்டை மாட்டி, சிறிது தளர்த்தி, மீண்டும் சிறிது இறுக்கி, மறுபடி தளர்த்தி மெல்ல வெளியே எடுத்தார்.

அந்த வண்டியில் இரண்டு சென்சார்கள். வினையூக்கி மாற்றிக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று. பின்னே இருந்ததன் முனை நல்ல நிலையில் இருந்தது. முன்னே இருந்ததன் முனையிலோ சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்மையான படிவு. உஸ்தாத் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு இந்தியில் மூன்று சொற்கள் சொன்னார்: “ஜஹர் சட் கயா.” விஷம் ஏறிவிட்டது. முன்பு எப்போதோ எஞ்சின் மூடியைப் பிரித்து மாட்டியவர்கள் தகாத சிலிக்கோன் பசையைத் தடவியிருக்கிறார்கள். அதன் ஆவி எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு எரிந்து, சிலிக்காவாக முனையில் படிந்திருக்கிறது என்று விளக்கினார்.

பாம்பு கடித்தவரைப் பற்றித் தமிழிலும் இந்தியிலும் ஒரே வினையைத்தான் பயன்படுத்துகிறோம்: விஷம் ஏறுகிறது. அந்த வினையை ஓர் இயந்திர உறுப்புக்குப் பயன்படுத்தி நான் கேட்டது அதுவே முதல்முறை. பின்னர் தேடிப் பார்த்தபோது, உஸ்தாத் சொன்னது வெறும் உருவகம் அன்று என்பது தெரிந்தது. வேதியியலில் அது கலைச்சொல்லே. வினையூக்கியின் மேற்பரப்பைச் செயலிழக்கச் செய்யும் பொருளை ‘வினையூக்கி நஞ்சு’ என்றே பாடநூல்கள் குறிக்கின்றன. மோட்டார் வாகன வரலாற்றில் அந்த நஞ்சுகளில் தலையாயது சிலிக்கோன் அன்று, ஈயம். ஈயம் மனிதருக்கும் நஞ்சு, கருவிக்கும் நஞ்சு. இந்த இரண்டில் எதனைக் காப்பதற்காக அது முதலில் பெட்ரோலிலிருந்து அகற்றப்பட்டது என்ற கேள்வியே இந்தப் பதிவின் பொருள்.

*

முதலில் கருவியைப் பற்றிச் சில செய்திகள்.

ஆக்சிஜன் சென்சாரின் உள்ளே இருப்பது, பெரும்பாலும், தையற்காரர் விரலில் மாட்டும் உறைபோன்ற ஒரு சிறு பீங்கான் குப்பி. சிர்கோனியாவுடன் சிறிதளவு இட்ரியா கலந்து செய்யப்பட்டது. அதன் இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்புறம் புகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். உட்புறம் வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். இருபுறமும் உள்ள ஆக்சிஜன் அளவு வேறுபடும்போது சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. எரிபொருள் மிகுந்து புகையில் ஆக்சிஜன் அருகியிருந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட்; காற்று மிகுந்திருந்தால் 0.1 வோல்ட். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் வண்டியின் கணினி பெட்ரோலின் அளவைக் கூட்டுகிறது, குறைக்கிறது. பெட்ரோலின் ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது இலக்கு.

இதன் கோட்பாட்டு அடிப்படை 1889இல் வால்தர் நேர்ன்ஸ்ட் வகுத்த சமன்பாடு. இதன் பொருளும் அவருடையதே. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் அவர் உருவாக்கிய மின்விளக்கின் ஒளிரும் தண்டு சிர்கோனியாவும் இட்ரியாவும் கலந்ததுதான். குளிர்ந்த நிலையில் அது மின்சாரத்தைக் கடத்தாது, முதலில் சூடேற்றவேண்டும். டங்ஸ்டன் இழை வந்ததும் அந்த விளக்கு மறக்கப்பட்டது. அந்தப் பீங்கானில் மின்சாரத்தைச் சுமப்பவை ஆக்சிஜன் அயனிகளே என்பதைக் கார்ல் வாக்னர் 1943இல் விளக்கினார். 1961இல் வைஸ்பார்ட், ரூக்கா என்ற இருவர் அதே பீங்கானைக் கொண்டு ஆக்சிஜன் அளக்கும் கருவியைச் செய்தனர். பாஷ் நிறுவனம் 1976இல் அதைக் காருக்குரிய உறுப்பாகப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்த வோல்வோ கார்களில் அது முதலில் இடம்பெற்றது. அந்த விளக்கின் குணம் இன்றும் இந்தக் கருவியை விட்டு நீங்கவில்லை. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் இது பேசத் தொடங்கும். 1982 முதல் உள்ளேயே ஒரு சூடேற்றியை வைத்துச் செய்கிறார்கள்.

காரில் இது ஏன் தேவைப்பட்டது? கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் மாற்றும் ‘மும்முனை’ வினையூக்கி, காற்றும் எரிபொருளும் மிகக் குறுகிய ஒரு விகித எல்லைக்குள் இருந்தால் மட்டுமே நன்கு செயல்படும். அந்த எல்லைக்குள் எஞ்சினைப் பிடித்துவைக்க ஒரு கண்காணிப்பாளர் வேண்டும். அந்த வேலைதான் சென்சாருக்கு. வினையூக்கி, சென்சார் இரண்டிலும் பிளாட்டினம் உண்டு. ஆகவே ஈயம் இரண்டையும் கெடுக்கும்.

*

பெட்ரோலில் ஈயம் இயற்கையாக இருப்பதன்று, சேர்க்கப்பட்டது. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்னும் சேர்மம் எஞ்சினின் ‘நாக்கிங்’ ஒலியை அடக்குவதைக் கண்டறிந்தார். 1923 பிப்ரவரியில் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. விற்பனைப் பெயர் ‘எத்தில்’. பெயரில் ஈயம் இல்லை. ஈயம் நஞ்சு என்பது பண்டைய ரோமானியர் காலத்திலிருந்தே அறியப்பட்டது. பெயர் அதை மறைத்தது.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இச்சேர்மத்தைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர் சிலருக்குச் சித்தப்பிரமை உண்டாகி, ஐவர் இறந்தனர். செய்தித்தாள்கள் அதைப் ‘பைத்திய வாயு’ என்று எழுதின. 1925 மே மாதம் வாஷிங்டனில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைமை அலுவலர் கூட்டிய மாநாட்டில், தொழில்சார் மருத்துவத்தின் முன்னோடியான ஆலிஸ் ஹாமில்டன் ஈயப் பெட்ரோலை எதிர்த்துப் பேசினார். ஆனால் தடை விதிக்கத் தக்க காரணம் இல்லை என்று 1926இல் குழு அறிக்கை தந்தது. விற்பனை மீண்டும் தொடங்கியது. தீங்கு விளைவிக்கும் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிர்ப்பவர்களின் தலையில் விழுந்தது.

அடுத்த சில பத்தாண்டுகள் இதே நிலை. 1950களில் பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி அமெரிக்காவில் கார்ப் புகைக்கான வினையூக்கிப் பெட்டியை வடிவமைத்தார். அது பரவலாகவில்லை, பெட்ரோலில் இருந்த ஈயம் வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பது தடைகளில் முதன்மையானது. 1965இல் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன், தொழில்மயமான உலகில் மனித உடலில் உள்ள ஈயம் இயற்கை அளவைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி என்று எழுதினார். எரிபொருள் மாறவில்லை.

1970இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், கார்ப் புகையின் முக்கிய மாசுகளை 90 விழுக்காடு குறைக்கவேண்டும் என்று காலக்கெடு விதித்தது. வினையூக்கி இன்றி அது இயலாது. ஈயம் இருக்கும்வரை வினையூக்கி பிழைக்காது. 1973இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இரண்டு தனித்தனி விதிகளை வெளியிட்டது. ஒன்று, வினையூக்கிகளைக் காக்க ஈயமற்ற பெட்ரோலை நிலையங்களில் கிடைக்கச் செய்யவேண்டும் என்பது. மற்றது, மக்கள் நலனுக்காக எஞ்சிய பெட்ரோலிலும் ஈயத்தைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும் என்பது. கருவியைக் காக்கும் விதி 1974 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மனிதரைக் காக்கும் விதியை எத்தில் நிறுவனம் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1975இல் மூவர் அமர்வு அவ்விதியைத் தள்ளுபடி செய்தது. 1976 மார்ச்சில் முழு அமர்வு, ஐந்துக்கு நான்கு என்ற அளவில், மயிரிழையில் அதை நிலைநிறுத்தியது. ஆக்சிஜன் சென்சார் காரில் ஏறியதும் அதே ஆண்டில்தான்.

விளைவு வேகமாகத் தெரிந்தது. 1976க்கும் 1980க்கும் இடையே அமெரிக்க மக்களின் இரத்தத்தில் ஈயத்தின் சராசரி, டெசிலிட்டருக்கு 14.6 மைக்ரோகிராமிலிருந்து 9.2 ஆகக் குறைந்தது. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன், குழந்தைகளின் பால்பற்களில் இருந்த ஈயத்தையும் வகுப்பறையில் அவர்கள் காட்டிய திறனையும் தொடர்புபடுத்தி வெளியிட்ட ஆய்வு, நச்சின் அறிகுறி வெளிப்படையாகத் தோன்றாத குழந்தைகளும் பாதிக்கப்படுவதை உணர்த்தியது.

*

நம் நாட்டில் இந்த வரிசை இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

தில்லியின் வாகனப் புகை குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 1994 ஜூனில் நான்கு பெருநகரங்களின் பெட்ரோலில் ஈயம் லிட்டருக்கு 0.15 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1995 ஏப்ரல் 1 முதல் தில்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் ஆகியவற்றில் (அன்றைய பெயர்களிலேயே எழுதுகிறேன்) விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று; அந்தக் கார்களுக்காக ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது.

இங்கே சற்று நிற்கவேண்டும். ஒரே பெட்ரோல் நிலையத்தில் இரண்டு குழாய்கள். புதிய கார் வாங்க வசதி படைத்தவரின் வண்டிக்கு ஈயமற்றது. ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் பழைய காருக்கும் ஈயம் கலந்தது. புதிய காரின் வினையூக்கிக்கு ஈயத்திலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. அந்தக் காருக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரின் முன்பலகையில், அப்பாவின் இரு கைகளுக்கு நடுவே நின்றுகொண்டு பள்ளிக்குப் போன குழந்தைக்கு அது கிடைக்கவில்லை. அந்தக் குழந்தைகளில் பலர் இன்று என் வயதினர். இப்பதிவைப் படிக்கும் ஆய்வாளர்களில் சிலரும் அவர்களில் அடங்குவர்.

இந்த நிலை தானாக மாறிவிடவில்லை. 1996இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வாகனப் புகையைப் பற்றி ‘மெதுவான கொலை’ என்ற பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்டது. 1998 ஜனவரியில் பூரே லால் தலைமையில் சுற்றுச்சூழல் மாசு தடுப்பு ஆணையம் அமைந்தது. 1998 செப்டம்பர் முதல் தில்லியில் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்பட்டது. 1999 ஏப்ரல் 29 அன்று, தேசியத் தலைநகர் வலயத்தில் புதிய தனியார் கார்கள் அவ்வாண்டு ஜூன் முதல் யூரோ 1 தரத்தையும், 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 தரத்தையும் எட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2000 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் விற்பனை முடிவுக்கு வந்தது.

கருவிக்கு 1995, எல்லோருக்கும் 2000. இடையே ஐந்து ஆண்டுகள்.

கார்புரேட்டரின் காலம் முடிந்து எரிபொருள் உட்செலுத்தலும் ஆக்சிஜன் சென்சாரும் சாதாரணக் கார்களில் பரவியது அந்த யூரோ தரங்களுக்குப் பிறகுதான். ஈயம் வெளியேறாமல் இக்கருவி உள்ளே வந்திருக்க முடியாது. உலக அளவில் கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது.

மாணவ நண்பர்களுக்காக மொழியியல் நோக்கில் ஒரு குறிப்பு. ‘ஈயமற்ற பெட்ரோல்’ என்ற தொடரைக் கவனியுங்கள். 1923க்கு முன் பெட்ரோல் என்றாலே அதில் சேர்த்த ஈயம் இல்லை. அதற்கு அடைமொழி தேவைப்படவில்லை. ஈயம் சேர்த்தது இயல்பானதாகிவிட்ட பிறகு, கலப்படம் இல்லாதது அடைமொழி தாங்கவேண்டியதாயிற்று. எது இயல்பு, எது விலக்கு என்பதைச் சந்தை புரட்டிப்போட்டதைச் சொல்லின் அமைப்பு பதிவுசெய்திருக்கிறது. இன்று நிலையங்களில் அந்த அடைமொழியும் மறைந்து, வெறும் ‘பெட்ரோல்’ ஆகிவிட்டது. ஒரு போராட்டம் முழுமையாக வென்றால் அதன் சொல்லும் மறைந்துவிடுகிறது. கூடவே நினைவும் மறைந்துவிடுகிறது.

*

அந்த மறதியின் விளைவை முதல் பணிமனையில் நேரில் பார்த்தோம் என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. சென்சாரைக் கழற்றி எறியலாம் என்று அவர்கள் சொன்னபோது, அதை மறுக்க எங்கள் மூவரிடமும் ஒரு காரணமும் இல்லை. எங்களுக்கு அது எரிந்துகொண்டிருக்கும் ஒரு மஞ்சள் விளக்கு மட்டுமே.

வினையூக்கிக்குப் பின்னே உள்ள இரண்டாவது சென்சாருக்கு எஞ்சினைச் சீராக ஓட்டுவது முதன்மை வேலை அன்று. முன்னே உள்ள சென்சாரின் மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வினையூக்கி நலமாக இருந்தால் பின்னே உள்ளதன் மின்னழுத்தம் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப்போலவே ஆடத் தொடங்கினால் வினையூக்கி செத்துவிட்டது என்று பொருள். கலிபோர்னியாவில் தொடங்கி, 1996 முதல் அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் கட்டாயமான தற்கண்காணிப்பு முறையின் மையம் இந்த ஒப்பீடு. அதாவது, வண்டி தன்னைத்தானே வேவு பார்த்துச் சொல்லும் சாட்சி அது. சாட்சியை அகற்றினால் வண்டி நிற்காது, ஓடும். அதனால்தான் அகற்றுவது எளிதாகிறது.

உஸ்தாத் நல்ல நிலையில் இருந்த பின் சென்சாரை மீண்டும் பொருத்தினார். துளையின் மரையைத் துடைத்தார். அடுத்த முறை இறுகிப்போகாமலிருக்கச் சென்சாரின் மரைக்கு மட்டும் வெள்ளி நிறப் பசையைத் தடவினார். முனையில் ஒரு துளியும் படவிடவில்லை. முன்னே போட்ட புதிய சென்சாருக்குப் பசை தேவைப்படவில்லை. தயாரிப்பிலேயே தடவி வந்திருந்தது. இரண்டையும் முதலில் விரலால் திருகி, மரை சரியாகப் பிடித்த பிறகே சாக்கெட்டை வைத்தார். கடைசியில் முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் 40 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினார்.

கனெக்டரைத் துடைக்க நண்பர் அருகிலிருந்த ஒரு ஸ்ப்ரேயை எடுத்தபோது உஸ்தாத் கையைப் பிடித்துத் தடுத்தார். பல சென்சார்களில் உட்புறத்துக்கு வேண்டிய வெளிக்காற்று அந்தக் கம்பிகளின் உறை வழியாகத்தான் போகிறது. அங்கே எதையாவது அடித்தால் மூச்சு முட்டிவிடும் என்றார். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல காற்று உள்ளே இருந்தால்தான் வெளியே உள்ள புகை எவ்வளவு கெட்டது என்று அதனால் சொல்லமுடியும்.

விளக்கு அணைந்தது. பணம் மூவரும் பகிர்ந்து கொடுத்தோம்.

இந்தப் பதிவின் நோக்கம் கருவியைக் காத்த விதிகளைக் குறைசொல்வதன்று. வினையூக்கியைக் காக்க எடுத்த முடிவால் கோடிக்கணக்கான குழந்தைகளும் காக்கப்பட்டார்கள் என்பதையே அமெரிக்க இரத்த அளவுகள் காட்டுகின்றன. ஆனால் ஒரு நஞ்சை அகற்ற, மனித உடலைக் காட்டிலும் பிளாட்டினப் பூச்சு விரைவாக வாதாட முடிந்தது என்பது வரலாற்றுச் செய்தி. இன்றைய மாசுகளைப் பற்றி விதி எழுதுவோர் யாருடைய சேதத்தை முதலில் கணக்கில் எடுக்கிறார்கள் என்று கேட்க அது நமக்குக் கற்றுத்தருகிறது.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். 1994 முதல் 2000 வரையிலான தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் ஈயமற்ற பெட்ரோலை எவ்வாறு அறிமுகப்படுத்தின? புதிய காரின் உறுப்பைக் காப்பது என்றா, குழந்தைகளைக் காப்பது என்றா? இதழியல், வரலாறு, மொழியியல் மாணவர் எவரேனும் முதுகலை ஆய்வேட்டுக்கு இதை எடுத்துக்கொள்ளலாம். அக்கால இதழ்த் தொகுப்புகள் கைவசம் உள்ளோர் பின்னூட்டத்தில் தெரிவித்தால் சேர்ந்தே தேடலாம்.